குரங்குப்பிடி

தார் ரோட்டை விட்டு மண்ணிலும் சேற்றிலும் பைக் ஓட்டுகிற ஆஃப்ரோடு தொடக்க நிலைப் பயிற்சி அது. தொடங்குவதற்கு முன்னால் நாங்கள் ஆறு பேரும் வரிசையாக நின்று உள்ளங்கையைக் காட்டினோம். பயிற்சியாளர் கைரேகை பார்ப்பவர் மாதிரி ஒவ்வொரு கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். என் கையில் அவருக்கு விசேஷமாக எதுவும் கிடைக்கவில்லை. "சரி, கிளவுஸ் போட்டுக்கங்க. சாயங்காலம் இன்னொரு தடவை பார்க்கணும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வண்டிகள் நின்ற பக்கம் நடந்துவிட்டார்.

நான் பதினெட்டு வருடமாக பைக் ஓட்டுகிறவன். மழையில், நடு இரவில், லாரிகளுக்கு நடுவில், கண் சொக்கும் நெடுஞ்சாலையில் என்று எல்லா விதமாகவும் ஓட்டியாயிற்று. அதனால் 'தொடக்க நிலை' என்ற சொல்லே லேசாக உறுத்தியது. மண் பாதைதானே, மெதுவாகப் போனால் போகிறது என்பதுதான் என் நினைப்பு. முந்தின இரவு முழுக்க மழை கொட்டித் தீர்த்திருந்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

முதல் அடி பூட்ஸில் விழுந்தது. ஆஃப்ரோடு பூட்ஸ் முழங்காலை எட்டிப் பிடிக்கிற உயரம். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் தகடுகள், வெளியே கொக்கிகள். கணுக்கால் இப்படியும் அப்படியும் திரும்பாது. திரும்பக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். முழு வண்டியும் கால்மேல் சாயும்போதுதான் அதன் அருமை தெரியும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கியர் மாற்றுவது, இருட்டில் அடுத்தவர் வீட்டு சுவிட்சைத் தேடுவது போல. கால் விரலால் தட்டிப் பழகியவன், இங்கே காலை மொத்தமாகத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. கியர் விழுந்ததா இல்லையா என்பதை வண்டி சொன்னால்தான் உண்டு.

வண்டிகள் 250 சிசி ரகம். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18. முன்சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லையும் குழியையும் முட்டி நிற்காமல் ஏறிப் போகும். மட்கார்ட் டயரை ஒட்டி இல்லாமல் ஒரு சாண் மேலே, குருவி வாலைத் தூக்கியது மாதிரி நிற்கும். இதை அழகுக்காக வைத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். காரணத்தை மதியத்துக்குள் நேரில் பார்த்தேன். எங்களில் ஒருவர் சொந்த வண்டியில் வந்திருந்தார். மட்கார்ட் டயரோடு ஒட்டிய ரகம். களிமண் அந்த இடுக்கில் ஏறி, ஏறி, கடைசியில் செங்கல் மாதிரி இறுகி, முன்சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. குச்சியால் குடைந்து எடுத்தோம். இருபது மீட்டர் போவதற்குள் மறுபடியும் அதே கதை. அதற்குமேல் அவரும் பயிற்சி வண்டிக்கே வந்துவிட்டார்.

கிளம்பும் முன் டயரில் காற்றை இறக்கினார்கள். தார் ரோட்டில் 30 பிஎஸ்ஐ-க்குப் பக்கத்தில் வைத்துப் பழகிய எனக்கு, கேஜில் முள் 15-க்கு வந்து நின்றதைப் பார்த்தபோது பஞ்சர் கடை ஞாபகம்தான் வந்தது. காற்று குறைந்தால் டயர் கொஞ்சம் படுத்து, தரையோடு ஒட்டும் பரப்பு கூடுகிறது. சேற்றில் அந்தப் பரப்புதான் பிடி. ரொம்பவும் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். டயர் ரிம்மில் சறுக்கிச் சுற்றி, வால்வையே பிய்த்துக்கொண்டு போவதும் உண்டு; அதைத் தடுக்க உள்ளே ரிம் லாக் என்று ஒரு இறுக்கி இருக்கிறது.

முதல் பாடம் ஓட்டுவது இல்லை. பயிற்சியாளர் நின்ற வண்டியைத் தானே பிடித்துக் கீழே தள்ளினார். "நல்லா பார்த்துக்கங்க. இன்னைக்கு நீங்க அதிகமா செய்யப்போற வேலை இதுதான்."

விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி. முதலில் எஞ்சினை அணைக்கிற கில் சுவிட்ச். அடுத்து, வண்டி வலப்பக்கம் விழுந்து கிடந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தம் கட்டித் தூக்கிய வேகத்திலேயே இடப்பக்கம் சாய்ந்துவிடும். கியரில் போட்டு வைத்தால் சக்கரம் உருளாது. இடுப்பை வளைக்காமல், உட்கார்ந்து எழுகிற மாதிரி தொடையால் தூக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முறை தூக்கினோம். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். "அங்கிள், ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பிடித்தேன். அன்று பட்ட முதல் காயம் எது என்று கேட்டால் அந்த அங்கிளைத்தான் சொல்வேன்.

அதன்பிறகு நிற்கக் கற்றுக்கொண்டோம். ஆஃப்ரோடில் பாதி நேரம் சீட்டில் உட்காருவதே இல்லை. பாதத்தின் முன்பகுதி கால் வைக்கிற ஃபுட்பெக்கில், முட்டி லேசாக மடங்கி வண்டியை இரு பக்கமும் அணைத்து, முழங்கை வெளியே விரிந்து, இடுப்பு கொஞ்சம் பின்னால். உட்கார்ந்திருக்கும்போது வண்டியும் நாமும் ஒரே மூட்டை. பின்சக்கரம் ஒரு கல்லில் குதித்தால் நம்மையும் சேர்த்துத் தூக்கி எறியும். நின்றால் வண்டி தனி, நாம் தனி. அது காலுக்கடியில் ஆடுகிற ஆட்டத்தை முட்டி வாங்கிக்கொள்ளும். ஒரு ஸ்பேனரை எடுத்து கிளட்ச், பிரேக் லீவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பித் தந்தார்கள். உட்கார்ந்தபடி பார்த்தால் கோணலாகத் தெரிந்தது. நின்றதும் மணிக்கட்டு நேராக வந்தது.

இந்த இடத்தில்தான் கை விவகாரம் ஆரம்பித்தது. கிளட்சில் நான்கு விரலையும் வைத்து நான் வண்டியை எடுத்ததைப் பார்த்துவிட்டு என்னை நிறுத்தினார். "ஒரு விரல் போதும். பழக்கம் இல்லைன்னா ரெண்டு. மிச்ச விரல் ஹேண்டில்ல இருக்கட்டும். ஆனா பிடிக்க வேண்டாம், சும்மா இருக்கட்டும்."

"பிடிக்கலைன்னா விழுந்துட மாட்டோமா சார்?"

"வண்டியைப் பிடிக்கிறது முட்டி. கை இல்ல. நீங்க குரங்குப்பிடி பிடிச்சிருக்கீங்க."

ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் என்ன கெட்டுப் போகும் என்பதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. கடையில் சாமான் தள்ளுகிற டிராலியின் சின்னச் சக்கரத்தைப் பார்த்திருப்போம். தள்ளுகிற திசைக்கு அது தானாகத் திரும்பிக்கொள்ளும், ஏனென்றால் சக்கரம் தரையைத் தொடும் இடம் அது திரும்புகிற அச்சுக்குப் பின்னால் இழுபடுகிறது. பைக்கின் முன்சக்கரமும் அந்த ஜாதிதான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் சாய்வால், ஹேண்டில் திரும்புகிற அச்சுக் கோடு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் மண்ணைத் தொடுகிறது. ஒரு கல் அதை இடப்பக்கம் தள்ளினால், விட்டுவிட்டால் அதுவே ஆடி நேராக வந்துவிடும். பயத்தில் கை அதை இறுக்கும்போது அந்த வழி அடைபடுகிறது. சேற்றில் முன்சக்கரம் நிமிடத்துக்கு நூறு தடவை இப்படி அலைகிறது. அத்தனை அலைச்சலையும் நாம் கையால் திருத்தப் பார்த்தால், நாம் திருத்துவதற்குள் அது அடுத்ததுக்குப் போயிருக்கும்.

வலது கையில் இன்னொரு ஆபத்து. மேட்டில் ஏறும்போது உடம்பு பின்னால் சாயும். இறுகிய கை ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து பின்னால் வரும், அதாவது முறுக்கும். முறுக்கினால் வண்டி இன்னும் பாயும், உடம்பு இன்னும் பின்னால் போகும், கை இன்னும் முறுக்கும். ஓட்டுகிறவர்கள் இதற்கு விஸ்கி த்ராட்டில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குடிக்காமலே குடித்தவன் மாதிரி ஓட்டுவது. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. புதருக்குள் போய் விழுந்து எழுந்தபிறகு எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

கை வேண்டாம் என்பதை நிரூபிக்க இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நின்றபடி, முதல் கியரில் வட்டம் போடச் சொன்னார். முடியாது என்று நினைத்தேன். முடிந்தது. முட்டியால் அணைத்தபடி ஒரு பெக்கில் அழுத்தினால் அந்தப் பக்கம் வண்டி சாய்ந்து திரும்புகிறது. ஆனால் இரண்டு கையையும் திருப்பித் தந்ததுமே நான் பழையபடி குரங்கானேன்.

அடுத்து ஒரு பந்தயம். கடைசியாக வருகிறவர்தான் வெற்றி. கால் தரையில் பட்டால் வெளியே. இதையே ஒரு பெரிய விளையாட்டாக ஆடுகிறார்கள், ட்ரையல்ஸ் என்று பெயர். பாறைகள் மேல், ஓடைக்குள், வேகத்துக்கு மதிப்பே இல்லாமல். கால் ஒரு தடவை தரையில் பட்டால் ஒரு புள்ளி தண்டம், இரண்டு தடவை என்றால் 2, அதற்கு மேல் 3, விழுந்துவிட்டால் 5. ஸ்பெயினின் டோனி போ 2007-இலிருந்து 2025 வரை வருடம் தவறாமல் உலகப் பட்டத்தை அள்ளியது இதில்தான். எங்கள் பந்தயம் இருபது மீட்டர் தூரம். கிளட்சைப் பாதி விட்டும் விடாமலும், பின் பிரேக்கை லேசாக உரசியும், ஆட்டுக்குட்டி மாதிரி நடத்திப் போக வேண்டும். நான்தான் முதலில் முடித்தேன். அதாவது தோற்றேன்.

பிரேக் பாடத்தில் எனக்குப் பெரிய சிரமமில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் பயிற்சி வண்டிகளில் கிடையாது. சொந்த வண்டிக்காரரைப் பின்சக்கரத்துக்கான ஏபிஎஸ்ஸை அணைக்கச் சொன்னார்கள். புழுதியிலும் சரளையிலும் பூட்டிக்கொண்ட சக்கரம் தன் முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிப்பதால் அந்தக் குவியல் சேர்வதில்லை, நிற்கும் தூரம் நீள்கிறது. பின்சக்கரத்தைப் பூட்டிக் கோடு இழுத்துக்கொண்டு நிற்பதை ஐந்து தடவை செய்தோம். சின்ன வயதில் சைக்கிளில் செய்து திட்டு வாங்கிய அதே வேலை.

பதினொரு மணிக்குக் காட்டுத் தடத்துக்குள் நுழைந்தோம்.

சேறு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உள்ளே போனால் அது பல ஜாதி. கெட்டித் தரையின் மேல் விரல் கனத்துக்குப் படிந்த வழுக்கல் ஒன்று. மேலே பார்த்தால் ஈரம்கூடத் தெரியாது, டயர் பட்டதும் காலடியில் தரையே இல்லாத மாதிரி போய்விடும். சக்கரம் பாதி இறங்குகிற சொதசொதப்பு இன்னொன்று. பார்க்கப் பயமாக இருந்தாலும் அடியில் கெட்டி இருந்தால் அது நல்லது, டயரை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது களி. அது டயரில் அப்பி, பள்ளங்களையெல்லாம் நிரப்பி, முள் டயரை மொழுக்கை டயராக ஆக்கிவிடும். அப்போது கொஞ்சம் வேகம் கொடுத்தால்தான் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் களி தெறித்து விழும். பயந்து வேகத்தைக் குறைக்கக் குறைக்க இன்னும் அப்பும். தேங்கிய தண்ணீரைக் கண்டால் பயிற்சியாளர் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு குச்சியோடு உள்ளே நடந்து பார்த்துவிட்டு வருவார். அத்தனை வருடம் ஓட்டுகிறவர் நடந்து பார்க்கிறார். நான் என்றால் ஓரமாக ஒதுங்கிப் போயிருப்பேன், ஓரம்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விட வழுக்கிய இடம்.

முதல் நூறு மீட்டரில் மூன்று தடவை விழுந்தேன். மூன்றும் ஒரே மாதிரி. சக்கரத் தடங்கள் இரண்டு பள்ளமாக ஓடின. பள்ளத்துக்குள் சக்கரம் இருக்கிறது, பார்வையும் பள்ளத்துக்குள்ளேயே இருக்கிறது. முன்சக்கரம் ஒரு ஆட்டம் ஆடும். உடனே கை இறுகும், ஆக்ஸிலரேட்டரை விடுவேன். விட்டதும் எடை முன்னால் பாய்ந்து முன்சக்கரம் இன்னும் புதையும். அவ்வளவுதான், சளக் என்று பக்கவாட்டில் படுக்கை. வலி ஒன்றும் இல்லை. சேறு மெத்தென்று வாங்கிக்கொள்கிறது. எழுந்திருக்கும்போதுதான் அது விடமாட்டேன் என்கிறது.

நாலாவது தடவை விழவில்லை, மாட்டிக்கொண்டேன். முறுக்கினேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் முறுக்கினேன். பின்னால் வந்தவரின் ஹெல்மெட்டில் சேறு மழையாகப் பொழிந்ததைத் தவிர முன்னேற்றம் எதுவும் இல்லை. "போதும், கிணறு வெட்டாதீங்க" என்று கத்திக்கொண்டே பயிற்சியாளர் வந்தார். நான் இறங்கிவிட்டேன், வண்டி தானாக நிமிர்ந்து நின்றது. அவ்வளவு ஆழம். இழுத்தாலும் வரவில்லை. எஞ்சினை அணைத்து, வண்டியை வேண்டுமென்றே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கப் போட்டார். பின்சக்கரம் குழியிலிருந்து மேலே வந்தது. குழியில் கல்லையும் உடைந்த கிளைகளையும் காலால் தள்ளி நிரப்பி, வண்டியைத் தூக்கி நிறுத்தி, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார். பஞ்சாயத்து முடிந்த மாதிரி அது அமைதியாக வெளியே நடந்து வந்தது. முதல் கியரில் சக்கரம் சட்டென்று சுற்றிவிடும், இரண்டாவதில் நிதானமாகச் சுற்றும் என்பதை அப்போது சொன்னார்.

ஓய்வுக்கு உட்கார்ந்தபோது என் முன்கை இரண்டும் விறகுக் கட்டை மாதிரி இறுகியிருந்தன. ஆர்ம் பம்ப் என்கிறார்கள். இடைவிடாமல் இறுக்கும்போது முன்கைத் தசைக்குள் ரத்தம் தேங்கி, சுற்றியிருக்கிற உறைக்குள் அது வீங்குகிறது. அதற்கப்புறம் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. அந்தக் கல்லூரிப் பெண் ஒன்றும் சொல்லாமல் வாங்கித் திறந்து கொடுத்தாள். அதற்குள் அவள் என்னைவிட அதிகமாக விழுந்திருந்தாள். விழும்போதெல்லாம் சிரிப்பாள். விழப்போகிறது என்று தெரிந்ததும் வண்டியை விட்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி ஒதுங்கி நிற்பாள். நானோ கடைசி நொடி வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்து வண்டியோடு சேர்ந்து போவேன்.

மதியம் ஒரு ஏற்றம். பெரிய மலை ஒன்றும் இல்லை, வீட்டு மாடி உயரம் இருக்கும். ஈரக் களி, நடுவில் வேர்கள். பாதியில் ஒரு வேரில் பின்சக்கரம் வழுக்கி வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பதினெட்டு வருடப் பழக்கம் தன் வேலையைச் செய்தது. இடது கை கிளட்சை முழுக்க இழுத்தது, வலது கை முன் பிரேக்கை நசுக்கியது. தார் ரோட்டில் அது சரி. இங்கே வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. முன்சக்கரம் சுற்றவே இல்லை, பூட்டிய சக்கரத்தோடேயே, கோடு கிழித்துக்கொண்டு, சறுக்கிக் கீழே போகிறது. ஏற்றத்தில் எடை முழுக்கப் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது; எடை இல்லாத முன்சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்? கால்களால் ஊன்றினேன், பூட்ஸும் சேர்ந்து சறுக்கியது.

"கிளட்சை விடுங்க!"

எனக்குப் புரியவில்லை. விழப்போகிற நேரத்தில் எதைப் பிடிப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறேன், இந்த ஆள் விடச் சொல்கிறார்.

"கையை எடுங்க! கிளட்ச்ல இருந்து கையை எடுங்க!"

எடுத்தேன். வண்டி ஒரு தரம் உதறி, அப்படியே நின்றது. எஞ்சின் அணைந்திருந்தது, கியர் விழுந்திருந்தது. கிளட்ச் விட்டதும் எஞ்சினின் இறுக்கமே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் சத்தம் இல்லை. சைலன்சரில் ஒட்டிய சேறு காய்ந்து சுர்ர் என்று பொரிவது மட்டும் கேட்டது. என் இடது கை காற்றில் விரிந்து நின்றது, போக்குவரத்துக் காவலர் நிறுத்தச் சொல்கிற மாதிரி.

அந்த ஏற்றத்தில் அப்படியே ஒரு நிமிடம் நின்றிருப்பேன். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விட்டு, அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறங்கி, ஹேண்டிலை ஒடித்து, குறுக்காக நிறுத்தி, திருப்பிக் கீழே கொண்டுவந்தேன். இறங்கும்போதும் அதே மந்திரம்தான்: முதல் கியர், கிளட்சில் கை கிடையாது, எஞ்சினே பிடித்து இறக்கும், பின் பிரேக் தொட்டுக்கொள்ள மட்டும்.

அதற்கப்புறமும் விழுந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சக்கரத் தடத்தில் திரும்பி வரும்போது பார்வையை முப்பது அடி தள்ளி ஒரு வெளிறிய மரத்தண்டின் மேல் வைத்தேன். நின்றேன், முட்டியால் அணைத்தேன். ஹேண்டில் என் கைக்குள் இடமும் வலமுமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தது. ஆடட்டும் என்று விட்டேன். தடம் முடிந்து புல்வெளி வந்த பிறகுதான் தாண்டிவிட்டேன் என்பதே தெரிந்தது. காலையில் மூன்று தடவை விழுந்த அதே நூறு மீட்டர். எப்படிப் போனது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அதுதான் அதில் விசேஷம்.

சாயங்காலம் வண்டிகளைக் கழுவினோம். ரேடியேட்டர் இடுக்கில் அப்பிய களியை வேகமான தண்ணீர் அடித்து எடுக்கக் கூடாது, தகடு மடங்கிவிடும் என்று சொல்லிப் பிரஷ் கொடுத்தார்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டோம். மறுபடியும் வரிசையாக நின்று கிளவுஸைக் கழற்றினோம்.

என் வலது உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே இரண்டு கொப்புளம். இரண்டும் உடைந்திருந்தன. பயிற்சியாளர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுமே காலைல வந்தது."

"எப்படி சார் தெரியும்?"

"உடைஞ்சு தோல் சுருண்டிருக்கு பாருங்க. மத்தியானத்துக்கு மேல புதுசா ஒண்ணும் வரலை."

அடுத்து நின்ற கல்லூரிப் பெண்ணின் கையைப் பார்த்தார். ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை.

"எத்தனை தடவை விழுந்தீங்க?"

"பதினொண்ணு சார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எத்தனை அங்கிள்?" என்றாள்.

ஏழு என்று சொல்லிவிட்டுக் கையை மூடிக்கொண்டேன்.